மடிப்பில் தங்கும் தழும்பு: தோலும் டி.என்.ஏ.வின் அமைப்பும்

கண்ணிமையில் அறுவை செய்த இடம், சில மாதங்களில், தேடினால்தான் தெரியும் மெல்லிய கோடாக அடங்கிவிடுகிறது. அதே ஆளின் மார்பில் வந்த சாதாரணப் பரு ஒன்று, உடைந்து ஆறிய பிறகு தடித்து, அரித்து, பரு இருந்த எல்லையைத் தாண்டிப் பக்கத்துத் தோலுக்குள் கால்பரப்பி வளர்கிறது. மருத்துவர்கள் இதைக் கீலாய்டு என்பார்கள். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிரெஞ்சுத் தோல் மருத்துவர் அலிபேர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைத்த பெயர் அது. தோள், மேல்முதுகு, மார்பின் நடுப்பகுதி, காதுச் சோணை ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். இமை, உள்ளங்கை, உள்ளங்கால் பக்கம் அது அநேகமாக எட்டிப் பார்ப்பதில்லை. இத்தனைக்கும் இமையிலும் மார்பிலும் உள்ள செல்கள் சுமப்பது ஒரே டி.என்.ஏ. ‘தழும்பு வாகு பரம்பரையாக வருவது, டி.என்.ஏ.விலேயே இருப்பது’ என்று வழக்கமாகச் சொல்லப்படும் பதில் இந்த ஓர் உடம்பைக்கூட முழுதாக விளக்குவதில்லை. அதற்காக டி.என்.ஏ.வைக் கைவிட வேண்டியதில்லை. அதில் எதைத் தேடுகிறோம் என்பதை மாற்றிக்கொண்டால் போதும். எழுத்துகளின் வரிசையில் கிடைப்பது பாதிப் பதில். அந்த வரிசை உட்கருவுக்குள் எப்படிச் சுற்றி மடிக்கப்பட்டிருக்கிறது என்பதில் மீதிப் பாதி இருக்கிறது, சிகிச்சைக்கு வழிவிடுவதும் அந்தப் பாதிதான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் தழும்பைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். காயம்படாத தோலின் உள்ளடுக்கை நுண்ணோக்கியில் வைத்தால், கொலாஜன் இழைகள் கூடைப் பின்னல்போல எல்லாத் திசைகளிலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவது தெரியும். நடுநடுவே மயிர்க்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் இருக்கும். தழும்பில் அந்தப் பின்னல் இல்லை. இழைகள் நெருக்கமாக, ஒரே திசையில் வரிவரியாகப் படுத்துக் கிடக்கின்றன. மயிர்க்கால் இல்லை, சுரப்பி இல்லை. பல மாதங்கள் முதிர்ந்த பிறகும் அந்த இடத்தின் வலு, பழைய தோலின் வலுவில் சுமார் 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. இந்த இழைகளை நெய்பவை ஃபைப்ரோபிளாஸ்ட் எனப்படும் நார்ச்செல்கள். காயம் பட்டதும் டி.ஜி.எஃப்.-பீட்டா போன்ற சமிக்ஞைப் புரதங்கள் அவற்றைத் தட்டியெழுப்புகின்றன. அவற்றில் ஒரு பகுதி தசைச் செல்லின் குணத்தையும் ஏற்றுக்கொண்டு காயத்தின் இரு ஓரங்களையும் இழுத்துச் சேர்க்கிறது, கொலாஜனைக் கொட்டுகிறது. வேலை முடிந்ததும் இச்செல்கள் மடிய வேண்டும், அல்லது ஓய வேண்டும். சாதாரணத் தழும்பில் அது நடக்கிறது. கீலாய்டில் நடப்பதில்லை. ஆகவே கொலாஜன் ஏன் சுரந்தது என்பதைவிட, காயம் மூடிய பிறகும் சுரந்துகொண்டே இருக்கும்படி அந்தச் செல்லைப் பிடித்து வைத்திருப்பது எது என்பதே முக்கியமான கேள்வி.

எழுத்து வரிசையின் பங்கை முதலில் நேர்மையாகக் கணக்கில் வைத்துவிட வேண்டும். கீலாய்டு குடும்பங்களில் ஓடுகிறது என்பதில் சந்தேகமில்லை. 2001இல் வெளியான ஓர் ஆய்வு 14 குடும்பங்களின் வம்சாவளியை வரைந்து பார்த்தது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும் என்ற மாதிரியான பரம்பரைப் போக்கு அதில் தெரிந்தது. ஆனால் மரபை வாங்கிக்கொண்டவர்கள் எல்லோருக்கும் கீலாய்டு வரவில்லை. 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கீலாய்டு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் மரபுத்தொடர் முழுக்க ஒப்பிட்டு, மூன்று பகுதிகளில் நான்கு எழுத்து வேறுபாடுகளை அடையாளம் காட்டினார்கள். கருநிறத் தோல் உடையவர்களிடம் கீலாய்டு அதிகம் என்பதும் பழைய கவனிப்பு. நிறமிதான் காரணமோ என்ற ஊகம் வெகுகாலம் இருந்தது. தான்சானியாவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு அந்த ஊகத்தை வலுவிழக்கச் செய்தது: பிறவியிலேயே நிறமி இல்லாத ஆப்பிரிக்கர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவில் கீலாய்டு இருந்தது. நிறம் கூட வருவது, காரணம் வேறு எங்கோ. இவ்வளவையும் சேர்த்தால் கிடைக்கும் முடிவு: எழுத்து வரிசை ஒருவருக்கு எவ்வளவு எளிதில் தழும்பு தடிக்கும் என்ற வாகைத் தீர்மானிக்கிறது. எந்த இடத்தில், எந்த வயதில், எந்தக் காயத்துக்குப் பிறகு என்பதை அது சொல்வதில்லை.

இங்கேதான் அமைப்பு என்ற சொல் உள்ளே வருகிறது. டி.என்.ஏ.வின் அமைப்பு என்றதும் 1953இல் வாட்சனும் கிரிக்கும் அறிவித்த முறுக்கேணி நினைவுக்கு வரும். அந்த ஏணி எல்லாச் செல்லிலும் ஒன்றே. ஆனால் ஒரு செல்லில் உள்ள டி.என்.ஏ.வை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர் இருக்கும்; அது அடங்க வேண்டிய உட்கருவின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே. எனவே ஹிஸ்டோன் புரதங்கள் எட்டு சேர்ந்த ஒரு சிறு உருளையைச் சுற்றி, நூற்கண்டில் நூல் சுற்றுவதைப்போல, 147 எழுத்து இணைகள் ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றப்படுகின்றன. நியூக்ளியோசோம் என்ற இந்தக் கண்டின் அணுவளவுத் துல்லியமான படம் 1997இல் வெளியானது. கண்டுகள் வரிசையாக நெருங்கி மடிந்த தொகுப்பே குரோமாட்டின். இறுக மடிந்த பகுதியில் உள்ள மரபணுவைச் செல்லால் படிக்க முடியாது. தளர்ந்த பகுதியைப் படிக்கலாம். ஹிஸ்டோனின் வால்களில் அசெட்டைல் துணுக்குகள் ஒட்டினால் பெரும்பாலும் மடிப்பு தளர்கிறது, டி.என்.ஏ.வின் மீதே மெத்தில் துணுக்குகள் ஒட்டினால் பெரும்பாலும் அந்தப் பக்கம் மூடப்படுகிறது. பீரோவில் ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் வைத்த பட்டுப்புடவையைப் பிரித்தால், நெய்தபோது இல்லாத கோடு அதில் விழுந்திருக்கும். நெசவு மாறவில்லை, ஆனால் துணி இனி அந்தக் கோட்டிலேயே மடங்கும். செல் பிரியும்போது மடிப்பின் குறிகள் ஓரளவு சேய்ச் செல்லுக்கும் கடத்தப்படுவதால், உதாரணம் வெறும் அலங்காரமல்ல.

தோலின் நார்ச்செல் தான் உடம்பின் எந்த இடத்தைச் சேர்ந்தது என்பதை இந்த மடிப்பில்தான் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஹோவர்ட் சாங், ஜான் ரின் முதலானோர் 2000களில் உடம்பின் பல இடங்களிலிருந்து நார்ச்செல்களை எடுத்து ஆய்வகத் தட்டில் வளர்த்தார்கள். உடம்பை விட்டு வந்த பிறகும், தட்டில் பலமுறை பிரிந்த பிறகும், கால் நார்ச்செல் கால் செல்லாகவும் விரல் நார்ச்செல் விரல் செல்லாகவும் இருந்தது. கருவில் தலை எது, வால் எது என்று உடலுக்கு வகுத்துக்கொடுக்கும் ஹாக்ஸ் மரபணுக்களில் எவை திறந்திருக்கின்றன, எவை மூடியிருக்கின்றன என்ற கணக்கே அந்த முகவரி. 2007இல் அதே குழு அதன் ஒரு பொறிமுறையையும் காட்டியது: 12ஆம் குரோமோசோமிலிருந்து படியெடுக்கப்படும், புரதம் எதையும் தராத ஹாட்டேர் என்ற ஆர்.என்.ஏ., 2ஆம் குரோமோசோமில் உள்ள ஹாக்ஸ் மரபணுக்களை மூடிவைக்க உதவுகிறது. ஒரு குரோமோசோம் இன்னொன்றின் மடிப்பைப் பார்த்துக்கொள்கிறது. இமையும் மார்பும் ஒரே டி.என்.ஏ.வோடு வெவ்வேறாக நடந்துகொள்ள இடமிருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டியதில்லை.

இடம் வேறு என்பது செல்லின் குணமா, சுற்றுப்புறத்தின் விளைவா? இதைச் சோதிக்க ஒரே வழி, தோலை இடம் மாற்றிப் பார்ப்பது. கருவில் இருக்கும் சிசுவின் தோல், ஏறக்குறைய 24 வாரம் வரை, தழும்பில்லாமல் ஆறும். பனிக்குட நீரின் வெதுவெதுப்பும் கிருமியின்மையும்தான் காரணம் என்று நினைக்க இடமிருந்தது. 1994இல் வெளியான ஒரு சோதனையில் வளர்ந்த ஆட்டின் தோலை ஆட்டுக் கருவின் முதுகில் ஒட்டி, பிறகு அதில் காயம் செய்தார்கள். அதே கருப்பையில், அதே நீரில், கருவின் சொந்தத் தோல் தழும்பில்லாமல் ஆறியது, ஒட்டிய தோல் தழும்போடு ஆறியது. 2015இல் ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் லாங்கேக்கரின் குழு இதைச் செல் அளவுக்குக் கொண்டுபோனது. எலியின் முதுகில் தழும்பைப் போடுபவை, கருவில் என்கிரெயில்டு-1 மரபணுவை ஒருமுறை இயக்கிய செல்களின் வழித்தோன்றல்கள் என்று காட்டினார்கள். அவற்றை எடுத்து, பொதுவாகத் தழும்பு விழாத வாயின் உட்புறத்தில் வைத்தால் அங்கும் நார் போட்டன. வாயின் செல்களை முதுகில் வைத்தால் அவை போடவில்லை. 2022இல் கனடாவின் கால்கரி ஆய்வாளர்கள் பனிமானை எடுத்துக்கொண்டார்கள். அதன் கொம்பைப் போர்த்தியிருக்கும் மென்தோல் காயத்துக்குப் பிறகு மயிரோடு புதிதாக வளர்கிறது. அதே மானின் முதுகுத் தோல் தழும்பாகிறது. கொம்புத் தோலை முதுகில் ஒட்டியபோது முதலில் அது தன் பழக்கப்படியே தழும்பின்றி ஆறியது, காலம் போகப்போக முதுகுத் தோலைப்போல் ஆனது. செல் நினைவு வைத்திருக்கிறது; சுற்றுப்புறம் விடாமல் தொல்லை கொடுத்தால் அந்த நினைவு மாறவும் செய்கிறது. இரண்டையும் ஒருசேர விளக்க எழுத்து வரிசையால் முடியாது, மடிப்பால் முடியும்.

மாற்றும் தொல்லைகளில் முதன்மையானது இழுவிசை. மார்பின் நடுவில் தையல் போட்ட காயத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா விரிகிறது. ஒவ்வொரு முறை கை தூக்கும்போதும் தோல் பக்கவாட்டில் இழுபடுகிறது. நாளொன்றுக்கு இருபதாயிரம் முறைக்கு மேல் அந்தத் தையலின் ஓரங்கள் சிறிது விலகி மீண்டும் சேர்கின்றன. நார்ச்செல் தன்னைச் சுற்றியுள்ள இழைகளைப் பற்றிக்கொண்டிருப்பதால் அந்த இழுப்பு செல்லின் உள்ளெலும்புக்கும், அங்கிருந்து உட்கருவின் உறைக்கும், உறையோடு ஒட்டிய குரோமாட்டினுக்கும் போய்ச்சேர்கிறது. யாப் என்ற புரதம் இழுப்பின் செய்தியோடு உட்கருவுக்குள் நுழைந்து மரபணுக்களைத் திறக்க உதவுகிறது. சாதாரணமாகத் தடித்த தழும்பு வராத எலியிலும், காயத்தின் ஓரங்களைக் கருவி கொண்டு இழுத்துப் பிடித்தால் மனிதனுக்கு வருவதைப்போன்ற தடித்த தழும்பு வருகிறது என்பது 2007இலேயே காட்டப்பட்டது. 2021இல் லாங்கேக்கர் குழு இரண்டையும் இணைத்தது. இழுவிசை, என்கிரெயில்டு-1ஐ அதுவரை இயக்காத செல்களிலும் யாப் வழியாக இயக்கிவிடுகிறது. கண் விழித்திரை நோய்க்கு ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள வெர்டிபோர்ஃபின் என்ற மருந்தால் யாப்பைத் தடுத்தபோது எலியின் காயம் மயிர்க்கால்களோடும் சுரப்பிகளோடும் ஆறியது. மரபணுவில் ஓர் எழுத்தையும் யாரும் திருத்தவில்லை. இமையின் தளர்ந்த தோல் ஏன் தப்பிக்கிறது என்பதற்கும் இதில் பதிலுண்டு.

காலமும் ஒரு தொல்லை. 2017இல் உயிரியலாளர் எலேன் ஃபுக்ஸின் ஆய்வகம் எலித்தோலில் ஒருமுறை அழற்சி உண்டாக்கி, அது முழுதும் அடங்கிய பிறகு காயம் செய்தது. முன்பு அழற்சி கண்ட தோல் இரண்டரை மடங்கு வேகத்தில் மூடியது. அழற்சியின்போது தளர்ந்த குரோமாட்டின் பகுதிகள் சில, பல மாதங்களுக்குப் பிறகும் மூடிக்கொள்ளாமல் தயாராக இருந்ததே காரணம். நல்லதற்கு நினைவு வைத்துக்கொள்ளும் தோல் கெட்டதற்கும் வைத்துக்கொள்ளலாம். நம் ஊருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு காயத்தை இதோடு வைத்துப் பார்க்கலாம். குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்துகிறோம். கல்லூரிக் காலத்தில் அதே சோணையில் இரண்டாவது துளை போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. 11 வயதுக்குப் பிறகு குத்திய காதில் கீலாய்டு வருவது அதற்கு முன் குத்தியதைவிட அதிகம் என்று 2005இல் அமெரிக்காவில் வெளியான சிறிய ஆய்வொன்று சொன்னது. ஹார்மோன்களுக்கும் இதில் பங்கிருக்கலாம். ஆனால் ஹார்மோனும் தன் வேலையைச் செய்வது உட்கருவுக்குள் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான். ஒரே சோணை, ஒரே டி.என்.ஏ., வேறு வயது, வேறு விளைவு.

இனி மறுப்புகள். முதலாவது, வலுவானது: மடிப்பில் காணும் மாற்றங்கள் தழும்பின் விளைவாக ஏன் இருக்கக் கூடாது? புகையைப் பார்த்துவிட்டு அதையே நெருப்பு என்று சொல்கிறோமா? இதற்கு ஓர் அரிய பிறவி நோய் பதில் தருகிறது. ரூபின்ஸ்டைன்-டேபி நோய்க்குறி உள்ளவர்களில் பெரும்பாலோருக்குச் சி.பி.பி. என்ற புரதத்தின் மரபணு ஒரு படியில் பழுதாகியிருக்கிறது. ஹிஸ்டோன் மீது அசெட்டைல் ஒட்டும் வேலை அந்தப் புரதத்துடையது. அகன்ற கட்டைவிரல், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றோடு இவர்களுக்குக் கீலாய்டும் மற்றவர்களைவிட மிக அதிகம். நெதர்லாந்தில் 2014இல் வெளியான ஆய்வில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு இருந்தது. காயம் படுவதற்கு வெகுமுன்பே, பிறவியிலேயே, மடிக்கும் இயந்திரம் பழுது, விளைவாகத் தழும்பு. இங்கே வரிசை தெளிவாக இருக்கிறது. ஆய்வகத் தட்டிலும் இது ஒத்துப்போகிறது: அசெட்டைலை அகற்றும் நொதிகளைத் தடுக்கும் டிரைக்கோஸ்டாட்டின் போன்ற பொருள்களைச் சேர்த்தால், கீலாய்டு நார்ச்செல்கள் கொலாஜனைக் குறைக்கின்றன. ஆனால் இதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. மடிப்பு தளர்ந்தால் கொலாஜன் கூடும், இறுகினால் குறையும் என்ற எளிய குழாய்க் கணக்கு இங்கே பலிக்கவில்லை, நடப்பது தலைகீழ். சி.பி.பி.யின் இரட்டைப் பிறவியான பி300 புரதமோ, டி.ஜி.எஃப்.-பீட்டாவோடு சேர்ந்து கொலாஜனைக் கூட்டத்தான் செய்கிறது. எவ்வளவு திறந்திருக்கிறது என்பதல்ல விஷயம், எந்தப் பக்கம் என்பதே.

இரண்டாவது மறுப்பு: மடிக்கும் புரதங்களையும் எழுத்து வரிசைதானே தருகிறது, ஆகவே கடைசியில் எல்லாம் எழுத்துதானே? ஆப்பிரிக்காவின் முள்மயிர் எலிகள் இதற்குச் சாட்சியாகக் கொண்டுவரப்படுவதுண்டு. முதுகுத் தோலில் 60 சதவீதம் வரை கழன்றுபோனாலும் மயிரோடு மீண்டும் வளர்க்கும் எலிகள் இவை என்று 2012இல் தெரியவந்தது. பக்கத்து இன எலிக்கு அந்த வரம் இல்லை. இனத்துக்கு இனம் வேறுபாடு எழுத்தில்தான் இருக்க வேண்டும், அதில் வாதமில்லை. ஆனால் தழும்புக்கு அஞ்சும் நோயாளி இனம் மாறப் போவதில்லை. அவருடைய கேள்வி ஓர் உடம்புக்குள் இருக்கிறது. அங்கே எழுத்து மாறாதது. மாறக்கூடியது மடிப்பு ஒன்றே. மேலும், ஜப்பானில் கண்டவற்றைப்போன்ற எழுத்து வேறுபாடுகளில் பெரும்பாலானவை புரதத்துக்கான வரிகளில் அமைவதில்லை, அவற்றை எப்போது படிக்க வேண்டும் என்று நிர்வகிக்கும் பகுதிகளில் அமைகின்றன என்பது மரபுத்தொடர் ஒப்பீடுகள் திரும்பத் திரும்பத் தந்திருக்கும் பாடம். எழுத்தே மடிப்பின் வழியாகத்தான் பேசுகிறது.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது: சமிக்ஞைப் புரதத்தைச் சரிசெய்தால் போதாதா? அது முயன்று பார்க்கப்பட்டது. கருவின் தோலில் அதிகமாகக் காணப்படும் டி.ஜி.எஃப்.-பீட்டா-3ஐ மருந்தாக்கி, பிரிட்டனின் ரெனோவோ நிறுவனம் ஜுவிஸ்டா என்ற பெயரில் மனிதர்களிடம் சோதித்தது. ஆரம்பச் சோதனைகள் நம்பிக்கை தந்தன; 2011இல் மூன்றாம் கட்டச் சோதனை இலக்கை எட்டவில்லை. தோல்விக்கு மருந்தளவு, சோதனையின் வடிவம் எனப் பல காரணங்கள் இருக்கலாம். இருந்தாலும் ஆட்டுக் கருவின் பாடத்தை இங்கே மறக்க முடியாது: கருவின் சமிக்ஞைகள் அத்தனையும் சூழ்ந்திருந்தும் வளர்ந்த தோல் வளர்ந்த தோலாகவே நடந்துகொண்டது. சமிக்ஞை கதவைத் தட்டும்; எந்த அறை திறக்கும் என்பது உள்ளே இருக்கும் மடிப்பைப் பொறுத்தது.

இதிலிருந்து சிகிச்சைக்கு என்ன கிடைக்கிறது? மடிப்பை நேரடியாக மாற்றும் மருந்துகள் சில இரத்தப் புற்றுநோய்களுக்குப் பயன்படுகின்றன. ஆனால் அவை உடம்பின் எல்லா மடிப்பையும் சேர்த்துத் தொடுபவை, ஒரு தழும்புக்காக அவ்வளவு பெரிய விலை கொடுக்க முடியாது. அழகு நிலையங்களில் இன்று விற்பனையாகும் சால்மன் மீன் டி.என்.ஏ. ஊசிக்கும் இந்த விவாதத்துக்கும் சம்பந்தமில்லை. அந்தத் துணுக்குகள் செல்லின் வெளிப்புற ஏற்பிகளில் வேலை செய்பவை, நம் டி.என்.ஏ.வோடு கலப்பவை அல்ல. எச்சிலை அனுப்பினால் தழும்பு வாகைச் சொல்கிறோம் என்னும் மரபணுச் சோதனை எழுத்தைத்தான் படிக்கும், மார்புக்கும் இமைக்கும் ஒரே அறிக்கையைத் தரும். உண்மையான பயன் இதைவிட அடக்கமானது. தழும்பு நிபுணர்கள் அனுபவத்தால் கண்டுபிடித்த எளிய காரியங்களுக்கு இப்போது காரணம் கிடைக்கிறது. தோலின் இயல்பான வரிகளோடு வெட்டுவதும், தையல் பிரித்த பிறகு மாதக்கணக்கில் ஒட்டுப்பட்டை போட்டு இழுப்பைக் குறைப்பதும், தீக்காயத்துக்கு அழுத்த உடை அணிவிப்பதும், செய்தி மடிப்பைப் போய்ச்சேரும் முன் வழியில் நிறுத்தும் முயற்சிகள். கீலாய்டை வெட்டி மட்டும் எடுத்தால் பாதிக்கு மேற்பட்ட முறை திரும்ப வருவது ஏன் என்பதும் விளங்குகிறது: வெட்டு என்பது, பழைய நினைவோடு ஓரத்தில் நிற்கும் செல்களுக்கு இன்னொரு காயம்.

ஒரு சிகிச்சையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 1960களிலிருந்து கீலாய்டுக்குள் போடப்பட்டுவரும் டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, செல்லுக்குள் தன் ஏற்பியைப் பற்றிக்கொண்டு உட்கருவுக்குள் போகிறது. அந்த ஏற்பி, அசெட்டைலை அகற்றும் நொதியை அழற்சி மரபணுக்கள் இருக்கும் இடத்துக்கு வரவழைத்து, அந்தப் பக்கங்களை மூடச் செய்கிறது. அதாவது குரோமாட்டின் என்ற சொல்லை நோயாளியும் கேட்டிராத, பெரும்பாலும் மருத்துவரும் நினைத்திராத காலத்திலிருந்தே, அந்தச் சிறு ஊசி மடிப்பில்தான் கைவைத்து வருகிறது. ஒருமுறை போட்டு நிறுத்தாமல் வாரக்கணக்கில் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருப்பதும் அதனால் வியப்பில்லை. பட்டுப்புடவையை வெயிலில் காட்டி வேறு மடிப்பில் மடித்து வைப்பவர்களுக்குத் தெரியும்: பழைய கோடு ஒரே நாளில் போவதில்லை, மாற்றி மடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.